கன்பூசியமா, தாவோயியமா: இன்றைய வாழ்வுக்கு எது பொருந்தும்?

சீனச் சிந்தனையைப் படிக்கத் தொடங்குபவர்கள் பலர் கன்பூசியத்தின் ஆசான் கன்பூசியஸ், தாவோயியத்தின் மூலவராகக் கருதப்படும் லாவோட்சு ஆகிய இருவரில் யாருடைய வழியைப் பின்பற்றுவது என்று தயங்குகிறார்கள்.

குடும்பம்
கன்பூசியம்: பெற்றோர் தவறினால் பணிவோடு எடுத்துச் சொல்லலாம், மரியாதை மட்டும் குறையக் கூடாது. பிரிந்து வாழும் பிள்ளைகள் பெற்றோரை அடிக்கடி சென்று பார்க்கவோ நலம் விசாரிக்கவோ வேண்டும் என்று சீனா 2013-இல் நடைமுறைப்படுத்திய சட்டத்தில் இந்த மரபின் சாயல் தெரிகிறது.
தாவோயியம்: உறவுகள் சீர்கெட்ட பிறகே கடமையைப் பற்றிய பேச்சு எழுகிறது என்கிறது.

வேலை
கன்பூசியம்: பொறுப்பும் இடைவிடாத கற்றலும்.
தாவோயியம்: வலிந்து செய்யாமை. தாவோயியச் சிந்தனையாளர் சுவாங்சி ஒரு கதையில் காட்டும் சமையற்காரர் டிங், மாட்டை அறுக்கும்போது மூட்டுகளின் இடைவெளியிலேயே கத்தியைச் செலுத்துவதால், 19 ஆண்டுகளாகியும் அதன் முனை மழுங்கவில்லை. சாதாரணச் சமையற்காரரோ மாதந்தோறும் கத்தியை மாற்றுகிறார். காலை 9 முதல் இரவு 9 வரை, வாரத்துக்கு 6 நாள் என்ற வேலைமுறையில் சோர்ந்த சீன இளைஞர்களிடையே 2021-இல் பரவிய, போட்டியிலிருந்து விலகித் தேவைக்கு மட்டும் உழைக்கும் ‘படுத்துக்கிடத்தல்’ போக்கைச் சிலர் இதனோடு இணைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. டிங் தொழிலைத் துறந்தவர் அல்லர், அதில் தேர்ந்தவர்.

கடைப்பிடிக்கும் எளிமை
கன்பூசியம்: செய்ய வேண்டியது தெளிவு, சடங்காக இறுகிவிடும் அபாயம் உண்டு.
தாவோயியம்: விதிகள் குறைவு, சோம்பலுக்குச் சாக்காகிவிடலாம்.

முதியோரைப் பேணுபவர்க்கும் ஆசிரியர், அதிகாரி போன்ற பொறுப்பில் இருப்பவர்க்கும் கன்பூசியமே உறுதியான துணை. வேலைப்பளுவில் நொறுங்கிக்கொண்டிருப்பவரும் கலைஞரும் தாவோயியத்திலிருந்து தொடங்கலாம்.