நோட்டீஸா, கன்டென்ட் ஐடியா?

யூடியூபில் ஏற்றிய வீடியோவுக்குப் பதிப்புரிமைத் தகராறு முக்கியமாக இரண்டு வழியில் வரும். ஒன்று, அமெரிக்காவின் 1998ஆம் ஆண்டு டி.எம்.சி.ஏ. என்ற டிஜிட்டல் பதிப்புரிமைச் சட்டப்படி உரிமையாளர் அனுப்பும் நோட்டீஸ். வீடியோ போய்விடும், சேனலுக்கு ஸ்ட்ரைக் என்ற எச்சரிக்கையும் விழும். 90 நாளில் மூன்று விழுந்தால் சேனலே போகலாம். சரி, நீங்கள் மறுத்து எதிர் நோட்டீஸ் கொடுத்தால்? உரிமையாளர் வழக்குப் போடாதவரை 10 முதல் 14 வேலை நாளில் வீடியோ திரும்பிவிட வேண்டும்.

மற்றது 2007இல் வந்த கன்டென்ட் ஐடி. இது சட்டமே இல்லை, யூடியூபின் மென்பொருள். உங்கள் வீடியோவின் ஒலியோ படமோ உரிமையாளர் கொடுத்துவைத்த பதிவோடு பொருந்தினால் விளம்பரக் காசை உரிமை கோரியவர் பக்கம் திருப்பிவிடலாம். பொதுவாக ஸ்ட்ரைக் கிடையாது, அப்பாடா என்றிருக்கும். ஆனால் 1847இல் மறைந்த தியாகராஜரின் கீர்த்தனையை நீங்களே வீணையில் வாசித்து ஏற்றினாலும், யாரோ வெளியிட்ட ஆல்பத்தோடு அது பொருந்துவதாக இயந்திரம் நினைத்துவிடலாம். கீர்த்தனை பொதுச் சொத்து, வாசிப்பு உங்களுடையது என்பதெல்லாம் அதற்கு எங்கே தெரியும்? நீங்கள் மறுத்தால், முதலில் பரிசீலிப்பவர் உரிமை கோரிய அதே ஆள்தான். அதற்கு அவருக்கு 30 நாள் அவகாசம் வேறு!

பின்னணியில் சினிமாப் பாட்டு ஓடும் கல்யாண வீடியோவுக்குக் கன்டென்ட் ஐடியே தேவலை. சொந்த வாசிப்பு என்றால் எனக்கு நோட்டீஸ்தான் மேல். அதில் தெரிந்தே பொய் சொன்னவர் நஷ்டஈடு கொடுக்க வேண்டிவரும்.