பைத்தானும் ஜாவாவும் பொருளைப் பகிரும்போது: பை4ஜே, ஜேபைப், ஆரோ

பைத்தானில் வேலை செய்துகொண்டே ஜாவா நூலகத்தைக் கூப்பிட வேண்டிய நிலை அடிக்கடி வரும். ஸ்பார்க் (பெருந்தரவுச் செயலாக்கம்), லூசீன் (தேடல்), டிக்கா (கோப்பிலிருந்து உரை எடுத்தல்) எல்லாம் ஜாவா நிரல்களை ஓட்டும் மெய்நிகர் இயந்திரமான ஜேவிஎம்மில்தான் ஓடுகின்றன. ஜாவா வேகம், பைத்தான் மெதுவு என்ற கணக்கு இங்கே உதவாது. நேரம் கரைவது இரண்டுக்கும் நடுவே உள்ள எல்லையில். எத்தனை நடை போகிறோம், ஒரு நடையில் எவ்வளவு சுமக்கிறோம் என்பதை வைத்துத்தான் இந்த எல்லையைக் கடக்கும் பை4ஜே, ஜேபைப், ஆரோ மூன்றையும் எடைபோட வேண்டும்.

பை4ஜே-யில் ஜேவிஎம் தனிச் செயலாக்கமாக ஓடுகிறது. பைத்தான் அதனுடன் சாக்கெட் (இரு செயலாக்கங்களை இணைக்கும் தொடர்பு வழி) வழியே பேசுகிறது. ஜாவாப் பொருள் ஜாவாவிலேயே இருக்கும்; பைத்தான் கையில் இருப்பது அதன் அடையாள எண்ணைச் சுமக்கும் பதிலிதான். அதன் மேல் ஒரு மெத்தடை அழைத்தால், அழைப்பு எழுத்து வடிவக் கட்டளையாகி அந்தப் பக்கம் போய், பதிலும் அப்படியே திரும்பி வரும். பத்து லட்சம் உறுப்புள்ள பட்டியலை ஒவ்வொன்றாக எடுக்கிறோம், ஒரு நடைக்கு 100 மைக்ரோவினாடி என்று வையுங்கள்: 100 வினாடி போய்விட்டது, உருப்படியான வேலை இன்னும் தொடங்கவேயில்லை. பைட் அணிகள் பேஸ்64 என்ற எழுத்து வடிவமாக மாறிப் போவதால் அளவும் மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. ஸ்பார்க்கின் பைத்தான் முகமான பைஸ்பார்க்கில், வேலையை வழிநடத்தும் டிரைவர் நிரலின் கட்டளைகளுக்குத்தான் பை4ஜே. பெருந்தரவுக்கு ஸ்பார்க்கே வேறு வழி வைத்திருக்கிறது. பை4ஜே-யின் இடம் எது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. ஒரு நன்மையை மறக்கக்கூடாது: ஜேவிஎம் விழுந்தாலும் பைத்தான் பிழைத்துக்கொள்ளும்.

ஜேபைப்பில் ஜேவிஎம் பைத்தான் செயலாக்கத்துக்குள்ளேயே ஏறிக்கொள்கிறது. சாக்கெட் இல்லை, ஜேவிஎம்முக்குள் பிற மொழி நிரல் நுழையும் வாசலான ஜேஎன்ஐ வழியாக நேரடி அழைப்பு. அதே பத்து லட்சம் நடை இங்கே சில வினாடிகளில் முடியக்கூடும். சின்னச் சின்ன அழைப்புகள் நிறைய உள்ள வேலைக்கு நான் தயங்காமல் இதைத்தான் எடுப்பேன். ஆனால் இலவசம் இல்லை. பயன்படாத நினைவகத்தை மீட்கும் ஜாவாவின் குப்பை சேகரிப்பான் பொருள்களை நினைவகத்தில் இடம் மாற்றிக்கொண்டே இருக்கும். அதனால் நேரடி முகவரி கிடைக்காது, ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு கைப்பிடி வேண்டும். எண் அணிகளை மொத்தமாக நகலெடுத்து, பைத்தானின் எண்கணக்கு நூலகமான நம்பைக்குத் தரலாம், அது வேகம்தான். சரங்களில்தான் அடி விழுகிறது. மெத்தட் திருப்பித் தரும் ஒவ்வொரு சரத்தையும் பைத்தான் சரமாக்கினால், அத்தனை முறையும் புதுப் பொருள், புது நகல். இன்றைய பதிப்புகள் இயல்பாக அப்படி மாற்றாமல் ஜாவா சரமாகவே விட்டுவைக்கின்றன. பழைய நிரல் உடைகிறதே என்று அந்த மாற்றத்தைத் திரும்ப இயக்குபவர்கள் இந்தச் செலவையும் சேர்த்து வாங்குகிறார்கள்.

இன்னொன்று, நினைவகக் கசிவு. பைத்தான் முதன்மையாக ஒரு பொருளைச் சுட்டும் குறிப்புகளை எண்ணிக் குப்பையை அறிகிறது, ஜாவா இன்னும் எட்டக்கூடிய பொருள்களைத் தடம்பிடித்து அறிகிறது. ஜாவாப் பொருள் ஒன்று பைத்தான் கால்பேக்கை (ஜாவா திரும்ப அழைக்கும் பைத்தான் நிரல்) பிடித்திருக்க, அந்தக் கால்பேக் அதே ஜாவாப் பொருளைப் பிடித்திருந்தால், எந்தப் பக்கமும் அதைக் குப்பை என்று அறியாது. நாள்கணக்கில் ஓடும் சேவையில் இது மெல்லச் சேர்ந்துகொண்டே போகும். பை4ஜே-யிலும் இதே கதைதான்.

அப்பாச்சி ஆரோ வேறு கேள்வி கேட்கிறது: பொருளை ஏன் பகிர வேண்டும், தரவின் அமைப்பைப் பகிர்ந்தால் போதாதா? நெடுவரிசையாக, இரு பக்கமும் ஒப்புக்கொண்ட வடிவில், ஜாவா தன் பொருள்களை வைக்கும் நினைவகமான ஹீப்புக்கு வெளியே தரவு இருக்கும். ஸ்பார்க் 2.3-இல், 2018-இல், இது பைஸ்பார்க்குக்குள் வந்தது. அதற்கு முன் பைத்தானின் அட்டவணை நூலகமான பாண்டாஸுக்கு மாற்றும்போது வரிவரியாகப் பிக்கிள் செய்ய (பைத்தான் முறையில் பைட்களாக்க) வேண்டியிருந்தது. இப்போதும் சாக்கெட்டைக் கடந்துதான் போகிறது, ஆனால் இயல்பாக ஒரு தொகுதிக்கு 10,000 வரிகள் வரை ஒரே நடையில்.

தமிழ் உரைத் தரவு வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம். ஆரோ சரங்களை யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் வைக்கிறது, தமிழ்க் குறியீடு ஒன்றுக்கு 3 பைட். ஜாவாவும் பைத்தானும் உள்ளுக்குள் தமிழ்ச் சரத்தில் 2 பைட்தான் வைக்கின்றன. ‘தமிழ்’ என்ற சொல்லில் ஐந்து குறியீடுகள்: ஆரோவில் 15 பைட், ஜாவாவிலும் பைத்தானிலும் 10. ஆனாலும் பைத்தான் சரம் ஒவ்வொன்றும் சுமக்கும் தலைப்புப் பகுதி அதைவிடப் பெரியது. மொத்தத்தில் ஆரோவே சிக்கனம். அந்தச் சிக்கனம் நெடுவரிசையைத் திறந்து பைத்தான் பட்டியலாக்கும் வரைதான். பட்டியலாக்கிய நொடியில் ஒவ்வொரு வரிக்கும் ஒரு பொருள் பிறக்கும், பழைய செலவு முழுதாகத் திரும்பிவிடும். கணக்கையும் வடிகட்டலையும் ஆரோ வடிவிலேயே முடித்துவிட்டு, மிஞ்சியதை மட்டும் வெளியே எடுங்கள்.

ஜேபைப்பா ஆரோவா என்று ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதில்லை. ஆரோவின் பைத்தான் நூலகமான பைஆரோவில் ஜேவிஎம் என்றே ஒரு மாட்யூல் இருக்கிறது. ஜேபைப் வழியே ஏற்றிய ஜேவிஎம்மில் உள்ள ஆரோ தரவின் முகவரியை வாங்கி, நகலே எடுக்காமல் பைத்தானில் திறக்கும். பைத்தான் முடிக்கும்வரை ஜாவா அந்த நினைவகத்தை விடாதபடியும் பிடித்துக்கொள்ளும். கட்டளைகள் ஜேபைப்பில், பெருந்தரவு ஆரோவில்: ஒரே கணினிக்குள் முடியும் வேலை என்றால் நான் இந்த அமைப்பில்தான் தொடங்குவேன்.