நாற்பது சதவீத ஸ்காலர்ஷிப்பா, பெரியமேடு அரசுக் கல்லூரியா?

ப்ளஸ் டூ முடித்த தம்பிக்கு ஓவியக் கல்லூரி தேடியதில் கடைசியாக இரண்டு இடம் கைக்கு வந்தன. ஒன்று, சென்னையில் ஈ.வெ.ரா. பெரியார் சாலையில் பெரியமேட்டில் இருக்கும் அரசு கவின்கலைக் கல்லூரி. இன்னொன்று, ஓ.எம்.ஆர். (பழைய மகாபலிபுரம் சாலை) பக்கம் ஒரு தனியார் டிசைன் கல்லூரி, பெயர் வேண்டாம். தனியார்காரர்கள் 40 சதவீத ஸ்காலர்ஷிப் என்று தடித்த தாளில் கடிதம் கொடுத்தார்கள். நாங்கள் அரசுக் கல்லூரியைத்தான் எடுத்தோம். அதனால் இந்த அலசல் நடுநிலையானது என்று நான் சொல்லப்போவதில்லை.

வேறு வழிகளும் உண்டு. கும்பகோணத்தில் இன்னொரு அரசு கவின்கலைக் கல்லூரி இருக்கிறது; அங்கே போனால் விடுதி அல்லது வாடகை அறை. மாமல்லபுரம் கல்லூரி மரபுச் சிற்பம், கோயில் கட்டடக்கலை என்று வேறு தடம். கலை அறிவியல் கல்லூரிகளில் மூன்று வருட விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) கிடைக்கும். கேமரா, எடிட்டிங், விளம்பரம் என்று போகிறவர்களுக்கு அது சரி. தம்பிக்குக் கையில் களிமண்ணும் கரியும் ஒட்ட வேண்டும். அதனால் இவற்றை நாங்கள் அதிகம் யோசிக்கவில்லை.

தூரத்தைப் பற்றியும் பெரிதாகப் பேச ஒன்றுமில்லை. வீடு தண்டையார்பேட்டை. மெட்ரோவில் ஏறினால் சென்ட்ரல், அங்கிருந்து நடை. 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை மெட்ரோ நீண்டதிலிருந்து திருவொற்றியூர், காலடிப்பேட்டைப் பிள்ளைகளுக்கும் இதே கதைதான். கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் வருகிறவர்களுக்கு சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட் வளாகம். ஓ.எம்.ஆருக்கு எங்கள் பக்கத்திலிருந்து தினமும் போய்வந்தால் பையன் பஸ்ஸில் தூங்கித்தான் பட்டம் வாங்க வேண்டும். ஹாஸ்டல் என்றால் அது இரண்டாவது ஃபீஸ்.

இனி முக்கியமான விஷயம். ஸ்காலர்ஷிப் கடிதத்தை எப்படிப் படிப்பது?

எனக்கு லிங்கிச் செட்டித் தெருவில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் பில் பார்க்கும் வேலை. கப்பல் சரக்கில் ஃப்ரெய்ட்டை, அதாவது சரக்குக் கூலியை, அடிமாட்டு விலைக்குச் சொல்லிவிட்டு, டெலிவரி ஆர்டர் சார்ஜ், டாக்குமென்டேஷன் சார்ஜ் என்று அடுத்த பக்கத்தில் பிடித்துக்கொள்வார்கள். கல்லூரிக் கடிதத்தையும் நான் அந்தப் பழக்கத்தில்தான் படித்தேன். அதில் 40 சதவீதம் பெரிய எழுத்தில் இருந்தது. எதில் 40 சதவீதம் என்பது சின்ன எழுத்தில் இருந்தது.

எங்கள் கடிதத்தின் உண்மைத் தொகையை இங்கே போட விருப்பமில்லை. கணக்குப் புரிய ஒரு மாதிரி வைத்துக்கொள்வோம். டியூஷன் ஃபீஸ் ஆண்டுக்கு 2,00,000. ஸ்டுடியோ, லேப், தேர்வு, இதர வகை என்று இன்னொரு 60,000. ஆக மொத்தம் 2,60,000. தள்ளுபடி டியூஷனுக்கு மட்டும் என்றால் கழிவது 80,000. மொத்தத்தில் அது 31 சதவீதம்கூட இல்லை. அதுவும் முதலாண்டுக்கு மட்டும் என்றால்? நான்கு வருட மொத்தம் 10,40,000. அதில் கழிந்தது அதே 80,000. எட்டு சதவீதத்துக்கும் கீழே வந்துவிட்டது. இதே கல்லூரி 20 சதவீதம்தான் தருகிறோம், ஆனால் நான்கு வருடமும் தருகிறோம் என்று சொல்லியிருந்தால் 1,60,000 கழிந்திருக்கும். சின்ன எண்தான், ஆனால் இரண்டு மடங்கு லாபம். ஃபீஸ் வருடாவருடம் ஏறுவதை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவே இல்லை.

அடுத்தது நிபந்தனை. ஸ்காலர்ஷிப் ஒவ்வொரு வருடமும் தொடர வேண்டுமானால் இவ்வளவு மதிப்பெண் எடுக்க வேண்டும், அரியர் இருக்கக் கூடாது என்று பல கல்லூரிகள் வைத்திருக்கின்றன. இன்ஜினியரிங் பையனுக்கு இது பழகின விஷயம். ஓவியம் படிக்கிற பையனுக்கு இதில் ஒரு பொறி இருக்கிறது. நாள் முழுக்க ஸ்டுடியோவில் உட்கார்ந்து நன்றாக வேலை செய்கிறவன், கலை வரலாறு மாதிரி ஒரு எழுத்துத் தேர்வில் ஆங்கிலத்தில் எழுத வராமல் கோட்டை விடலாம். தமிழ் மீடியத்தில் படித்த பிள்ளை என்றால் வாய்ப்பு இன்னும் அதிகம். ஒரே ஒரு பேப்பர் போனாலும் அடுத்த வருடம் முழு ஃபீஸ். தம்பி அந்த வரியைப் படித்துவிட்டு, “அக்கா, ஒரு அரியர் வெச்சா எண்பதாயிரமாக்கா?” என்றான். எனக்கு அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை.

பேரம் பேசலாமா என்று நிறையப் பேர் தயங்குகிறார்கள். தாராளமாகப் பேசலாம். தனியார் கல்லூரியில் ஸ்காலர்ஷிப் என்று சொல்வதில் பெரும்பகுதி கட்டணத் தள்ளுபடிதான்; யாரோ தனியாகப் பணம் போட்டு வைத்த நிதி அல்ல. அதை ஏற்றவும் இறக்கவும் நிர்வாகத்துக்கு முடியும். ஆனால் சதவீதத்தைக் கூட்டச் சொல்லிக் கேட்பது வீண் என்பது என் எண்ணம். நான் கேட்டது மூன்று: நான்கு வருடத்துக்கும் இதே தள்ளுபடி என்று எழுதிக் கொடுங்கள்; அரியர் நிபந்தனையை எடுத்துவிடுங்கள், அல்லது அரியரை முடித்ததும் தள்ளுபடி திரும்ப வரும் என்று எழுதுங்கள்; இதர கட்டணத்தைத் தலைப்பு வாரியாகப் பிரித்துக் காட்டுங்கள்.

அட்மிஷன் ஆபீஸர் பதவிசாகத்தான் பேசினார். “மேடம், பையன் போர்ட்ஃபோலியோ ரொம்ப நல்லாருக்கு, மேனேஜ்மென்ட்ல பேசி அம்பது பண்ணித் தரேன். ஆனா இன்னிக்கே டெபாசிட் கட்டணும்.” நான் கேட்டதில் ஒன்றுக்கும் பதில் இல்லை, நான் கேட்காத பத்து சதவீதம் மட்டும் வந்தது. நாற்பது ஐம்பதாகும், ஒரு வருடம் நான்காகாது. பேரத்தில் எது நகர்கிறது, எது நகரவில்லை என்று பார்த்தாலே கல்லூரிக்கு எங்கே லாபம் என்று தெரிந்துவிடும். எழுத்தில் கேட்டபோது வந்த மின்னஞ்சலில் ‘கல்லூரி விதிகளுக்கு உட்பட்டு’ என்ற சொற்கள் இருந்தன. அதோடு எனக்கு ஆசை விட்டது.

வேறு கல்லூரியின் கடிதத்தைக் காட்டினால் பேரம் நன்றாக நடக்கும் என்பார்கள். எங்கள் கையில் இருந்த போட்டிக் கடிதம் அரசுக் கல்லூரியுடையது. அதன் ஃபீஸோடு எந்தத் தனியாரும் போட்டி போட முடியாது என்பதால் அது பேரத்துக்கு உதவவில்லை. இரண்டு தனியார் கடிதம் வைத்திருப்பவர்களுக்கு உதவலாம்.

கடன் வாங்கிப் படிக்க வைக்கலாமே என்று அப்பா சொன்னார். ஹார்பரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பையன் ஏசி வகுப்பில் உட்கார வேண்டும் என்று அவருக்கு ஒரு ஆசை. வங்கிகளின் மாதிரிக் கல்விக் கடன் திட்டப்படி 4 லட்சம் வரை நம் பங்குப் பணம் காட்ட வேண்டாம், 7.5 லட்சம் வரை சொத்து ஜாமீன் வேண்டாம். படிப்பு முடிந்து ஒரு வருடம் கழித்துத்தான் தவணை. இதெல்லாம் உண்மை. ஆனால் வட்டி முதல் நாளிலிருந்தே ஓடும். மேலே சொன்ன மாதிரிக் கணக்கில் தள்ளுபடி எல்லா வருடமும் கிடைத்தாலும், ஆண்டுக்கு 1,80,000 வீதம் நான்கு வருடம் எடுத்தால் 7,20,000. பத்து சதவீதத் தனிவட்டி என்று வைத்தால், முதல் தவணை கட்டும் நாளுக்குள் வட்டி மட்டும் 2,52,000 சேர்ந்திருக்கும். படித்து வரும் ஓவியன் கையில் 9,72,000 ரூபாய்க் கடன். அப்பாவிடம் இந்தத் தாளைக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு டீ கேட்டார்.

ஒன்று மட்டும் கவனம். சில கல்லூரிகள் கவுன்ட்டரிலேயே ஒரு ஃபைனான்ஸ் கம்பெனி ஆளை உட்கார வைத்திருப்பார்கள். அங்கே மாதத் தவணை பெரும்பாலும் அடுத்த மாதமே தொடங்கிவிடும். வங்கிக் கல்விக் கடனும் அதுவும் ஒன்றல்ல. அதேபோல, தரப்போவது பல்கலைக்கழக மானியக் குழு ஏற்ற பட்டமா, வெறும் டிப்ளமாவா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அரசுக் கல்லூரிப் பக்கம் வருவோம். 1850இல் டாக்டர் அலெக்சாண்டர் ஹன்டர் தனிப் பள்ளியாகத் தொடங்கிய இடம் இது. 1929இல் பொறுப்புக்கு வந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்ததுதான் மெரினாவில் நிற்கும் உழைப்பாளர் சிலை. அவருக்குப் பின் முதல்வரான கே.சி.எஸ். பணிக்கர்தான் 1966இல் சோழமண்டலம் கலைஞர் கிராமத்துக்கு வழி போட்டவர். ஓவியர் ஆதிமூலம், சினிமா கலை இயக்குநர் தோட்டா தரணி எல்லாரும் இங்கே படித்தவர்கள். பழம்பெருமையால் வயிறு நிறையாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் ஓவியம், சிற்பம், பதிப்போவியம், துணி வடிவமைப்பு, சுடுமண், காட்சித் தொடர்பு வடிவமைப்பு என்று இத்தனையும் ஒரே வளாகத்தில் இருப்பதன் பயன் வேறு. ஓவியம் படிக்கிறவன் மத்தியானம் பக்கத்துச் சுடுமண் துறையில் சூளையை எட்டிப் பார்க்கலாம். வெளியே வந்தால் சென்ட்ரல் ஸ்டேஷன்; ஸ்கெட்ச் புத்தகத்துக்கு அங்கே ஆளுக்குப் பஞ்சமில்லை.

ஃபீஸ் குறைவு என்பதால் செலவே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். இங்கே பணம் போவது சாமானில். கேன்வாஸ், ஆயில் கலர் ட்யூப், பிரஷ், கார்ட்ரிஜ் தாள், கரி. தாளுக்கு ஆண்டர்சன் தெரு போதும், மொத்த விலையில் கிடைக்கும். கலர்தான் கடிக்கும், வெள்ளை ட்யூப் எப்படித்தான் தீர்கிறதோ. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலோ, அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்த பையன்களுக்கு 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. பெண் பிள்ளைகளுக்கு 2022 முதல் புதுமைப் பெண். தம்பிக்கு அந்த ஆயிரம் அப்படியே கலர் பெட்டிக்குப் போகிறது. குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருந்தால் பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர், ஆதிதிராவிடர் நல உதவித்தொகைகளுக்கும் விண்ணப்பிக்கலாம். வருமானச் சான்றை இ-சேவை மையத்தில் முன்கூட்டியே எழுதிப்போட்டு வைத்துக்கொள்வது நல்லது; ஜூன் மாதத்தில் அந்த வரிசையில் நிற்பது தனிப் படிப்பு.

நிபந்தனை விஷயத்தை இங்கேயும் பொருத்திப் பாருங்கள். அரசுக் கல்லூரியில் ஒரு பேப்பர் போனால் திரும்ப எழுதலாம். அதற்காகக் குறைந்த ஃபீஸ் கூடின ஃபீஸ் ஆகிவிடாது. முதல் வருடத் தடுமாற்றத்துக்கு அபராதம் கிடையாது என்பதுதான் எங்கள் வீட்டுக்கு இதில் கிடைத்த உண்மையான ஸ்காலர்ஷிப்.

இதில் சிக்கல் தேதியில்தான் வருகிறது. தனியார் கல்லூரி ப்ளஸ் டூ ரிசல்ட்டுக்கு முன்பே டெபாசிட் கேட்கும். அரசுக் கல்லூரியில் விண்ணப்பம், வரைதல் தேர்வு, பட்டியல் என்று எல்லாம் பிறகுதான். நடுவே நெஞ்சு படபடக்கும், சிலர் பயந்து கட்டிவிடுவார்கள். கட்டினாலும் மொத்தமும் போகாது. 2018 அக்டோபரில் பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்ட விதிப்படி, அறிவித்த கடைசிச் சேர்க்கை நாளுக்கு 15 நாள் முன்னதாகவே விலகினால் செயலாக்கக் கட்டணமாக ஒரு சிறு தொகை போக முழுப் பணம். அதற்குப் பிறகு 90, 80, 50 என்று குறையும். கடைசி நாள் தாண்டி 30 நாள் ஆனால் ஒன்றும் இல்லை. அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கவும் கூடாது. சரிபார்க்கக் கொடுத்தால் அன்றே கையோடு வாங்கி வந்துவிடுங்கள்.

தனியாரில் எது மேல்? புதுக் கணினி, வரைபலகை, மென்பொருள், ஸ்டூடியோக்களோடு தொடர்பு, வேலைக்கு ஆள் எடுக்க வருகிற கம்பெனிகள். அனிமேஷன், கேம் டிசைன், செயலி வடிவமைப்பு என்று தெளிவாகத் தெரிந்து போகிற பிள்ளைக்கு அது கூடுதல் ஃபீஸுக்குத் தகுமா என்று என்னால் தீர்த்துச் சொல்ல முடியாது. தம்பி இன்னும் படித்து முடிக்கவில்லை. வேலைச் சந்தையில் இந்த இரண்டு பட்டமும் எப்படி விலை போகிறது என்பதில் எனக்குக் கேள்வி ஞானம்தான். தெருவில் ஒரு அண்ணன் தனியாரில் படித்து நல்ல சம்பளத்தில் இருக்கிறார். அரசுக் கல்லூரியில் படித்த இன்னொருவர் சினிமாவில் ஆர்ட் டிபார்ட்மென்டில் இருக்கிறார், படம் இருக்கும்போது பணம். இரண்டு பேரை வைத்து ஒரு தீர்ப்பு எழுதக் கூடாது. பெண் பிள்ளைகளின் விடுதி வசதி பற்றியும் நேரடி அனுபவம் இல்லை.

கடன் இல்லாமல் தள்ளுபடி போக மீதி ஃபீஸை நான்கு வருடம் கையிலிருந்து கட்ட முடிகிற வீடு என்றால் என் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. பிள்ளைக்கு எது பிடிக்கிறதோ அங்கே சேருங்கள். மற்றவர்கள் கடிதத்தை வாங்கியதும் இந்தக் கேள்வியை மின்னஞ்சலில் அனுப்புங்கள்: “மூன்றாம் ஆண்டில், ஒரு அரியர் இருக்கும் நிலையில், நாங்கள் கட்ட வேண்டிய மொத்தத் தொகை எவ்வளவு?” ஃபோனில் பதில் சொல்ல வந்தால், எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள். எழுத்தில் வரும்வரை டெபாசிட் கட்ட வேண்டாம்.