மறதி நோய்க்குக் கொடை: பராமரிப்புக்கா, ஆராய்ச்சிக்கா?

திவசத்துக்கு ஒதுக்கும் காசில் ஒரு பங்கை டிமென்ஷியா எனப்படும் மறதி நோய்க்குக் கொடுக்கலாம் என்று கொழும்பு வெள்ளவத்தைப் பக்கம் சிலர் யோசிக்கிறார்கள். எதற்குக் கொடுப்பது என்பதில்தான் இழுபறி.

பலன் எப்போது?
பராமரிப்பு: இந்த மாதமே.
ஆராய்ச்சி: பல வருடம் பொறுக்க வேண்டும். 2023இல் அமெரிக்கா முழு அனுமதி கொடுத்த லெக்கானெமாப் என்ற மருந்துகூட, டிமென்ஷியாவின் ஒரு வகையான அல்சைமரின் வேகத்தை ஆரம்பநிலையில்க் கொஞ்சம் குறைக்கிறது, அவ்வளவுதான், குணமாக்காது.

சின்னத் தொகை?
பராமரிப்பு: 5,000 ரூபாவும் நோயாளிக்குப் பம்பர்ஸாக (டயப்பர்) உடனே உதவும்.
ஆராய்ச்சி: பலருடைய பணத்தோடு சேர்ந்தால்தான் எடை.

சரிபார்ப்பது?
பராமரிப்பு: கொழும்பிலுள்ள லங்கா அல்சைமர்ஸ் பவுண்டேஷன் போன்ற இடத்துக்கு நேரில் போய் விசாரிக்கலாம், ரசீதும் கேட்கலாம்.
ஆராய்ச்சி: பெரிய நிதியங்கள் பெரும்பாலும் வெளிநாட்டில். ஆண்டறிக்கையை வாசிக்கலாம், சரி.

பராமரிக்கிறவரையும் பாருங்கள். அநேகமாக மகளோ மருமகளோதான். இரவில் நோயாளி எழுந்து கதவைத் திறந்தால் இவருக்கும் தூக்கம் போச்சு. அவருக்கு ஒரு பகல் ஓய்வை எந்த ஆய்வுகூடமும் தராது. அதனால் என் மனம் பராமரிப்புப் பக்கமே சாய்கிறது.

லண்டனிலோ டொரொன்டோவிலோ இருந்து மாதாமாதம் கொடுக்கக்கூடிய பிள்ளைகளுக்கு ஆராய்ச்சி பொருந்தும். இங்கே ரூபாவில், வருடம் ஒருமுறை கொடுப்பவர்கள் பராமரிப்புக்கே கொடுக்கட்டும்.