மாண்டிசெல்லோ: வீட்டைவிடக் கல்லறைக்கு நேரம் ஒதுக்குங்கள்

அப்பா அறநிலையத்துறையில் ஈ.ஓ.வாக (கோயில் செயல் அலுவலர்) இருந்து ஓய்வு பெற்றவர். உண்டியல் எண்ணிக்கை, நிலக் குத்தகை, கோர்ட் வாய்தா என்றே சர்வீஸ் முழுக்கப் போனது. அமெரிக்கா வந்தவரை வர்ஜீனியாவில் சார்லட்ஸ்வில் பக்கம் இருக்கும் மாண்டிசெல்லோவுக்குக் கூட்டிப்போனேன்; முன்னாள் ஜனாதிபதி தாமஸ் ஜெஃபர்சனின் மலைவீடு. ஐந்து சென்ட் நாணயத்தின் பின்பக்கம் இருக்கும் அதே வீடு. அப்பா ஒரு நாணயத்தை நீட்டிப் பிடித்து, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு, வீட்டோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தார். தணிக்கைப் புத்தி.

நுழைந்ததும் கூடத்துக் கடிகாரம்தான் ஆளை நிறுத்துகிறது. பீரங்கிக் குண்டுகள் கயிற்றில் மெல்ல இறங்கி, சுவரில் குறித்திருக்கும் கிழமையைக் காட்டும். சுவர் உயரம் போதாததால் தரையில் ஓட்டை போட்டு, சனிக்கிழமையை நிலவறைக்கு அனுப்பிவிட்டார்கள்! மல்பெரி ரோவையும் விட்டுவிடாதீர்கள். எல்லா மனிதரும் சமம் என்று எழுதியவர் வாழ்நாளில் 600 பேருக்கு மேல் அடிமைகளாக வைத்திருந்தார். அவர்களில் பலர் உழைத்துக் குடியிருந்த இடம் அது.

எங்களுக்கு நேரம் போனது கல்லறையில். இரும்பு வேலிக்குள் ஒரு கல்தூண். என்ன பொறிக்க வேண்டும் என்று அவரே எழுதிவைத்துவிட்டுப் போனார்: சுதந்திரப் பிரகடனத்தையும் வர்ஜீனியாவின் மதச் சுதந்திரச் சட்டத்தையும் எழுதியவர், வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் தந்தை. இரண்டு முறை ஜனாதிபதியாக இருந்தது அதில் இல்லை. "பதவியை விட்டுட்டு, பார்த்த ஃபைலை மட்டும் போட்டிருக்காரே!" என்றார் அப்பா.

நடுவில் இருக்கும் அந்தச் சட்டம் 1786இல் நிறைவேறியது. எந்தச் சபைக்கும் போகவோ பணம் கொடுக்கவோ யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. காலனிக் காலத்தில் அங்கே அரசு சபையான ஆங்கிலிக்கன் சர்ச்சின் பாதிரியாருக்குச் சம்பளம் ஊரார் வரியிலிருந்து போனது; உரிமம் இல்லாமல் பிரசங்கம் செய்த பாப்டிஸ்டுகள் (இன்னொரு கிறிஸ்தவப் பிரிவினர்) ஜெயிலுக்குப் போனார்கள்.

சர்ச்சுக்கும் அரசுக்கும் நடுவே சுவர் கேட்டவர்கள் நாத்திகர்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். 1802 ஜனவரி 1 அன்று ஜெஃபர்சன் அந்தச் 'சுவர்' பற்றி எழுதிய கடிதம் போனதோ, கனெக்டிகட் மாநிலம் டான்பரியின் பாப்டிஸ்டுகளுக்கு. அதே நாளில் மாசசூசெட்ஸ் பாப்டிஸ்டுகள் 1,235 பவுண்டு எடையில் ஒரே ஒரு சீஸ் கட்டியை அவருக்குப் பரிசாகக் கொண்டுவந்து இறக்கினார்கள். பழுத்த பக்திமான்கள்! பெரிய சபை அரசின் தோளில் ஏறிக்கொண்டால் சின்ன சபைக்கு என்ன கதி என்று பட்டுத் தெரிந்தவர்கள்.

அப்பாவுக்குக் கவலை வேறு. "சரி, சுவர் எழுப்பியாச்சு. உண்டியலை யார் எண்றது?"

"அந்தந்த சர்ச்சே எண்ணிக்கும்ப்பா."

"தணிக்கை?"

மற்ற தர்ம ஸ்தாபனங்கள் வருமான வரித்துறைக்கு வருடா வருடம் கொடுக்கும் கணக்குப் படிவத்தைக்கூட சர்ச்சுகள் கொடுக்க வேண்டியதில்லை என்றேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. "நம்ம ஊர்ல இப்படி விட்டா கோயில் நிலம் ஒரு குழி மிஞ்சாதும்மா" என்றவர், அப்புறம் அவராகவே, "என் மேல போட்ட கேஸ்ல பாதி இருந்திருக்காது" என்றார்.

டிக்கெட்டை ஆன்லைனில் முன்பே எடுத்துவிடுங்கள். முட்டி வலி இருந்தால் ஷட்டில் பஸ்ஸில் ஏறிக்கொள்ளலாம். கல்லறைப் பக்கமும் நிற்கும். என் கணக்கில் ஐந்துக்கு நாலரை.

வேலிக்குள் யாரோ எறிந்த காசுகள் தூணின் அடியில் சிதறிக் கிடந்தன. அப்பா கம்பியைப் பிடித்துக்கொண்டு எண்ண ஆரம்பித்தார். இரண்டு பஸ் போய்விட்டது.