மராண்ட்ஸ் ஸ்டீரியோ 70எஸ்: முகமும் குரலும்

ரேடியோவும் ஆம்ப்ளிஃபயரும் ஒன்றாக உள்ள இந்த ஸ்டீரியோ ரிசீவரின் உயரம் 109 மி.மீ.தான், டி.வி. அலமாரிக்குள் கச்சிதமாக அடங்கும். ஆனால் முகப்பின் வட்டக் கண்ணாடியில் ஓடும் எழுத்து, சோபாவிலிருந்து படிக்க முடியாத அளவு பொடி. அழகுக்காக வசதியை விட்டுக்கொடுத்திருக்கக் கூடாது.

ஒலியில் குறையில்லை. 8 ஓம் ஸ்பீக்கரில் சேனலுக்கு 75 வாட். 100 வாட் ரிசீவரோடு வித்தியாசம் சுமார் 1.2 டெசிபெல்தான்; காதுக்கு அரிதாகவே புலப்படும். ரெக்கார்ட் பிளேயரின் ஊசிமுனை எம்எம் (நகரும் காந்தம்) கார்ட்ரிட்ஜாக இருந்தால் நேரே இணைக்கலாம். எம்சி (நகரும் சுருள்) வகைக்கு அதன் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் தனி போனோ ஆம்ப் வேண்டும். தென்னாப்பிரிக்க வானொலியான லோட்டஸ் எஃப்எம் இரைகிறதா? ஆன்டெனாவை ஜன்னலோரம் நகர்த்துங்கள்.

டர்பன் நகரக் கோடையில் மூடிய அலமாரி ஆகாது. மேலே ஒரு சாண் இடைவெளி விடுங்கள். சூடேறினால் பாதுகாப்புச் சுற்று அணைத்துவிடும். ஸ்பீக்கர் வயரின் பிரிந்த இழை பக்கத்து முனையைத் தொட்டாலும் அதே கதிதான். மின்வெட்டு முடிந்து கரன்ட் திரும்பும்போது வோல்டேஜ் எகிறும். சர்ஜ் பிளக் இல்லாமல் சொருகவே வேண்டாம்.