பள்ளி பூட்டிக் கிடக்கும்போது: நேரலை வகுப்பா, வானொலியா, பயிற்சித்தாளா, தொலைபேசியா?

2020-இல் கொரோனா பரவியபோது 190-க்கும் மேற்பட்ட நாடுகளில் பள்ளிகளை மூடினார்கள். யுனெஸ்கோ கணக்குப்படி சுமார் 160 கோடி மாணவர்களின் படிப்பு தடைபட்டது. பாடத்தை எப்படியாவது வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று எல்லாரும் பரபரத்தார்கள். ஆனால் அது பாதி வேலைதான். பிள்ளை செய்தது ஆசிரியர் கைக்குத் திரும்பி வருகிறதா, அதற்கு ஒரு பதில் போகிறதா என்பது மீதிப் பாதி. திரும்பும் வழி இல்லாவிட்டால் பாடம் போய்க்கொண்டே இருக்கும், படிப்பு நின்றுவிடும். எந்த வழி மேல், எது கீழ் என்பதை இதை வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

நேரலை வகுப்பு

பள்ளிக்கூடம் மாதிரியே தெரிவது இதுதான். அதனால்தான் நிர்வாகங்கள் முதலில் இதைப் பிடித்துக்கொள்கின்றன. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 40 பிள்ளைகள், 40 நிமிட வகுப்பு. ஆசிரியர் வாயே திறக்காவிட்டாலும் ஒரு பிள்ளைக்குப் பேசக் கிடைப்பது ஒரு நிமிடம். கேள்வி கேட்டுப் பதில் வாங்கும் வசதி இருப்பதாகத் தோன்றினாலும், நடைமுறையில் முன்வரிசைப் பிள்ளைகள் நாலைந்து பேர்தான் பேசுவார்கள்.

இரண்டாவது சிக்கல் டேட்டா. குழுக் காணொளி ஒரு மணி நேரம் ஓடினால் 1 ஜிபி வரை இழுத்துவிடும், சில சமயம் அதற்கு மேலும். கேமராவை அணைத்துக் குரலை மட்டும் வைத்தால் 30, 40 எம்பியில் முடிந்துவிடும். மூன்றாவது சிக்கல், மூன்று பிள்ளைகளும் ஒரே கைபேசியும் உள்ள வீடு. காலை பத்து மணிக்கு மூன்று பேருக்கும் வகுப்பு வைத்தால் இருவர் வெளியே நிற்பார்கள். பெரும்பாலும் அது இளையவர்களாக இருக்கும்.

இதையே எடுத்தாக வேண்டுமென்றால் வகுப்பை எட்டெட்டுப் பேராகப் பிரித்து, 25 நிமிடத்தில் முடித்துவிடுங்கள். கைபேசியைப் புத்தக அடுக்கின் மேல், கேமரா விளிம்புக்கு வெளியே கீழ்நோக்கி இருக்கும்படி வைத்து, கீழே தாளில் தடித்த பேனாவால் எழுதுங்கள். ஒரு தாளுக்கு நாலு வரிக்கு மேல் வேண்டாம். சுவரில் உள்ள கரும்பலகையைக் காட்டினால் சின்னத் திரையில் ஓர் எழுத்தும் தெரியாது. பதின்வயதுப் பிள்ளைகளுக்கு இந்த முறை ஒத்துவரும். ஆறு, ஏழு வயதுக் குழந்தைக்கு ஒத்துவராது. பக்கத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தால்தான் வகுப்பே நடக்கும்.

பதிவுசெய்த காணொளி

எந்த நேரத்திலும் பார்க்கலாம், நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம். குறைந்த தரத்தில் ஏற்றினால் 10 நிமிடப் பாடம் சுமார் 20 எம்பிதான் வரும். ஒரு கைபேசி உள்ள வீட்டுக்கு நேரலையைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் பிள்ளை சும்மா பார்த்துக்கொண்டே இருந்துவிடும். ஆறு நிமிடத்துக்குள் ஒரு கேள்வி வர வேண்டும், ‘நிறுத்தி நோட்டில் எழுது’ என்று சொல்ல வேண்டும்.

விடையைப் படமெடுத்து அனுப்பச் சொல்லும்போது இரண்டு தவறுகள் நடக்கும். ஒன்று, எல்லாப் படங்களும் வகுப்புக் குழுவில் வந்து விழும். முதல் படத்தைப் பார்த்து மற்றவர்கள் எழுதிவிடுவார்கள். ஆசிரியருக்குத் தனியாக அனுப்பச் சொல்லுங்கள். இன்னொன்று, படம் மங்கலாக வரும். ஜன்னல் வெளிச்சத்தில், நோட்டுக்கு நேர் மேலிருந்து, பெயரும் தேதியும் தெரியும்படி எடுக்கச் சொல்லுங்கள். பதிலுக்கு அரை நிமிடக் குரல்செய்தி போதும். அது 1 எம்பிகூட ஆகாது. ஆசிரியர் தன் பெயரைச் சொல்லிப் பேசுவதைக் கேட்கும் பிள்ளை அடுத்த நாளும் அனுப்பும்.

வானொலி, தொலைக்காட்சி

இது புதிதல்ல. 1937-இல் இளம்பிள்ளை வாதம் பரவியபோது சிகாகோவில் பள்ளி திறப்பதைத் தள்ளிவைத்து, மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை வானொலியில் பாடம் நடத்தினார்கள். ஒரு பாடம் 15 நிமிடம். பாட அட்டவணையும் கேள்விகளும் நாளிதழில் வந்தன. பெற்றோர் ஆசிரியர்களைக் கூப்பிட்டுக் கேட்கத் தொலைபேசியும் வைத்தார்கள். வானொலி மட்டும் போதாது, தாளும் தொலைபேசியும் கூடவே வேண்டும் என்று அன்றே புரிந்திருந்தது. சியரா லியோனில் எபோலாவால் 2014-15-இல் மாதக்கணக்கில் பள்ளிகள் மூடிக் கிடந்தபோதும் வானொலிதான் பாடத்தைக் கொண்டுபோனது.

இணையமே இல்லாத வீட்டையும் எட்டுவதுதான் இதன் பலம். பலவீனம், எல்லாருக்கும் ஒரே வேகம். அரை மணி தவறவிட்டால் போனது போனதுதான். தயாரிப்பவர்கள் கேள்வி கேட்டபின் நாலைந்து விநாடி நிறுத்தி, அதன்பிறகு விடை சொல்ல வேண்டும். அந்த இடைவெளி இல்லாத பாடம் செய்தி வாசிப்பு மாதிரி ஆகிவிடும்.

பயிற்சித்தாள்

மின்சாரம் வேண்டாம், சிக்னல் வேண்டாம், ஒரே வீட்டில் மூன்று பேரும் ஒரே நேரத்தில் செய்யலாம். தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு எங்கள் தேர்வு இதுதான். ஒரு நாளுக்கு இரண்டு தாள், வாரத்துக்குப் பத்து. அதில் பாதி ஏற்கெனவே படித்ததைத் திருப்பிப் பார்ப்பதாக இருக்கட்டும். புதுப் பாடத்தையே அடுக்கினால், சொல்லித்தர ஆளில்லாத வீட்டில் கட்டு அப்படியே கிடக்கும். ஒவ்வொரு தாளிலும் முதல் கணக்கைச் செய்துகாட்டிவிட்டு, இரண்டாவதைப் பாதியில் விட்டு, மூன்றாவதிலிருந்து பிள்ளையைச் செய்யவிடுங்கள்.

வாரம் ஒரு நாள் பழைய கட்டைக் கொடுத்துப் புதுக் கட்டை வாங்கிக்கொள்ளலாம். திறந்த வெளியில், வகுப்புவாரியாக நேரம் பிரித்துக் கொடுங்கள். கொரோனா தாளைத் தொடுவதால் பரவும் வாய்ப்பு மிகக் குறைவு என்பது பின்னர் தெளிவானது. ஆபத்து கூட்டத்தில்தான். இங்கே பெரும்பாலும் நடக்கும் தவறு, திரும்பி வரும் கட்டை யாரும் திருத்தாமல் மூலையில் அடுக்குவது. மூன்றாவது வாரத்தில் கட்டுகள் வருவது நின்றுவிடும்.

தொலைபேசி அழைப்பு

சாதாரணக் கைபேசி போதும். போட்ஸ்வானாவில் கொரோனாக் காலத்தில் சோதித்துப் பார்த்தார்கள். சில வீடுகளுக்கு வாராவாரம் கணக்குகளைக் குறுஞ்செய்தியாக மட்டும் அனுப்பினார்கள், சில வீடுகளுக்குக் குறுஞ்செய்தியோடு அழைத்தும் பேசினார்கள். குறுஞ்செய்தி மட்டும் போன வீடுகளில் குறிப்பிடும்படியான பலன் இல்லை. அழைப்பும் சேர்ந்த இடத்தில் பிள்ளைகளின் கணக்குத் திறன் உயர்ந்தது.

காரணத்தை ஒரு கணக்கில் பார்க்கலாம். 52-லிருந்து 27-ஐக் கழிக்கச் சொன்னால் பிள்ளை 35 என்று எழுதியிருக்கிறது. தாளில் அதற்கு ஒரு சிவப்புப் பெருக்கல் குறி விழும், அவ்வளவுதான். அழைத்து, ‘எப்படிப் போட்டாய், சொல்லு கண்ணு’ என்று கேட்டால், ‘ஏழிலிருந்து ரெண்டு போனால் அஞ்சு’ என்று வரும். சிறியதைப் பெரியதிலிருந்துதான் கழிக்க வேண்டும் என்று பிள்ளை நினைத்திருக்கிறது, கடன் வாங்கத் தெரியவில்லை. பத்துக்குச்சிக் கட்டு ஒன்றைப் பிரிக்கச் சொல்லி இரண்டே நிமிடத்தில் சரிசெய்துவிடலாம். விட்டுவிட்டால் வகுத்தல் வரை அந்தத் தவறு கூடவே வரும்.

ஒரு பிள்ளைக்கு 15 நிமிடம், நாளுக்கு ஆறு பேர் என்றால், 30 பேர் உள்ள வகுப்பை ஐந்து வேலைநாளில் முடித்துவிடலாம். ஆசிரியருக்கு நாளொன்றுக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். பிள்ளையை 10 வரி வாசிக்கச் சொல்லுங்கள், தாளிலிருந்து இரண்டு கணக்கைப் பேசிக்கொண்டே செய்யச் சொல்லுங்கள், கடைசி மூன்று நிமிடம் வீட்டுப் பெரியவரிடம் பேசுங்கள். பெற்றோர் வேலையிலிருந்து வந்தபின் கூப்பிடுங்கள். பகலில் கைபேசி வீட்டில் இருக்காது.

எப்படிச் சேர்ப்பது

பத்து வயதுக்குக் கீழே தாளும் அழைப்பும் முதுகெலும்பாக இருக்கட்டும், வானொலியும் காணொளியும் துணைக்கு. அதற்கு மேல் உள்ளவர்களுக்குப் பதிவுக் காணொளி, வாரம் இரண்டு முறை எட்டுப் பேர் நேரலை. தொற்று தணியும்போது ஐந்தாறு பிள்ளைகளை மரத்தடியில் கூட்டலாம். காசநோய் அச்சத்தில் 1904-லேயே பெர்லினை ஒட்டிய சார்லோட்டன்பர்க்கில் திறந்தவெளிப் பள்ளி நடத்தியிருக்கிறார்கள். குழுவை மட்டும் மாற்றக் கூடாது. யாருக்காவது காய்ச்சல் வந்தால் அந்த ஒரு குழுவை நிறுத்தினால் போதும். அந்த வாரம் அவர்களுக்குக் கட்டு வீட்டுக்குப் போகும், அழைப்பும் போகும்.